தேய்ப்பவர் படிக்கும் எழுத்து

கம்ப்யூட்டர் திரையில் படம் மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது, பட்டை பட்டையாக. இதுவரை வந்திருப்பது ஒரு சுவரின் மேல்பகுதி. இளம்பச்சை ஆயில் பெயிண்ட், ஒரு மூலையில் டியூப்லைட் பட்டு வெளுத்த இடம். யார் வீடு என்று தெரியவில்லை, ஆனால் சமையலறை என்று தெரிகிறது. அந்தப் பச்சையின் மேல் ஏறியிருக்கும் மஞ்சள் எண்ணெய்ப் புகை. அந்த மஞ்சளைச் செட்டில் கொண்டுவர டீத்தூள் கொதித்த தண்ணீரை ஸ்பாஞ்சில் தொட்டு ஒரு பகல் முழுக்கச் சுவரில் ஒற்றியிருக்கிறேன், கேமராமேன் நம்பினார், வீட்டுக்காரர் சண்டைக்கு வந்தார். இந்த மஞ்சள் வருஷக்கணக்கில் சமைத்து வந்தது. படத்துக்கு மேலே மெயிலில் ஒரே ஒரு வரி, ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ்: இது உங்கள் பாத்திரம்தானே, படத்தைப் பாருங்கள், மீதி அடுத்த மெயிலில். பெயர் இல்லை. அனுப்பிய முகவரியில் கோவை என்ற சொல்லும் இரண்டு எழுத்தும். காலையில் ஜெபராஜ் ஷூட்டிங் வீட்டு போனுக்குக் கூப்பிட்டு இதைத்தான் சொன்னான். "கோயம்புத்தூர்லேர்ந்து வந்திருக்கு பாத்துக்கோ. படம் பாதியிலேயே நின்னுட்டு. எனக்கு நேரமில்ல, நீ போய்த் திறந்து பாரு." நேரமில்லை என்று அவன் சொன்னால் பயமாக இருக்கிறது என்று அர்த்தம். ஓவியக் கல்லூரியில் ஐந்து வருஷம் கூடவே டீ குடித்திருக்கிறேன், அவன் சிற்பம், நான் ஓவியம். கல்லில் உளியை வைத்தால் யோசிக்கவே மாட்டான். போனில்தான் இரண்டு வாக்கியத்தில் வைத்துவிடுவான்.

எனக்குப் பயமில்லை என்று சொல்லிக்கொண்டுதான் சாப்பாட்டு பிரேக்கில் இங்கே ஏறி வந்தேன். ஷூட்டிங் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, மாவு மில்லுக்கு மேலே, ஒரு இன்டர்நெட் சென்டர், பிளைவுட் அடித்துப் பிரித்த ஆறு கூண்டுகள். கீழே மிளகாய் அரைக்கிறார்கள். ஏசி அந்த நெடியை அப்படியே குளிர வைத்துக் கொடுக்கிறது. பக்கத்துக் கூண்டில் யாரோ விடாமல் தும்முகிறார், தும்மலுக்கு நடுவில் கீபோர்டைத் தட்டுகிறார். மில் ஓடும்போது மேஜை அதிர்கிறது, மேஜையோடு திரை, திரையில் அந்தப் பச்சைச் சுவர். சுவரில் இப்போது ஒரு ஆணி வந்திருக்கிறது. ஆணியில் எதுவும் மாட்டவில்லை. வெறும் ஆணியை எந்த ஆர்ட் டைரக்டரும் விட்டுவைக்கமாட்டார், ஒரு காலண்டராவது தொங்கவிடுவார், நிஜ வீட்டில்தான் ஆணி சும்மா இருக்கும். இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பிரேக் முடிந்ததும் சமையலறை சீன், மாமியார் ராஜாம்பாள் காபி குடித்தபடி மருமகள் நர்மதாவைத் திட்டுகிறாள், நர்மதா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைக்கிறாள். "நர்மதாவின் வீடு" தினமும் சாயங்காலம் வருகிற தொடர். நான் அதில் ஆர்ட் அசிஸ்டென்ட். திரைச்சீலை, காலண்டர், மிக்ஸி, பூஜை அலமாரி எல்லாம் என் பொறுப்பு. பாத்திரங்களும். இன்றைய சொம்பில் தோஹாவிலிருந்து ஒரு பெண் எழுதி அனுப்பிய வரியை ஜெபராஜ் நேற்றே வெட்டிக் கொடுத்துவிட்டான். அதைக் கேமரா முன்னால் வைப்பேனா மாட்டேனா என்பது இந்தப் படம் இறங்கி முடிந்தால்தான் தெரியும். வைக்காமல் போனால் இனி எப்போதும் வைக்கமாட்டேன். என்னை எனக்குத் தெரியும், ஒரு முறை பின்வாங்கினால் அதற்கு ஒரு நல்ல காரணம் கண்டுபிடித்து அதையே கொள்கையாக்கிவிடுவேன்.

ஆரம்பித்தது ஒரு டம்ளரில். எங்கள் வகுப்பில் எல்லோரும் சேர்ந்து ஒரு கண்காட்சி போட்டோம், ஒரு வாரம், வந்தவர்கள் எங்கள் வகுப்பிலேயே மற்றவர்கள், பிறகு அவர்களுடைய அண்ணன்மார். என் கித்தான்களுக்கு முன்னால் நின்று ஒருவர் வாட்ச்மேனிடம் பாத்ரூம் எங்கே என்று கேட்டார். அதற்கடுத்த மாதம் இந்தத் தொடரில் வேலை கிடைத்தது, முதல் நாள் நான் துடைத்து வைத்த டம்ளர் அந்த வாரமே எங்கள் பெரம்பூர் குவார்ட்டர்ஸில் வரிசையாக எல்லா வீட்டு டிவியிலும் தெரிந்தது. மாடிப்படி ஏறும்போது ஒரு கதவில் டம்ளரின் கைப்பிடித்த பாதி, அடுத்த கதவில் மீதி. நான் அப்படியே படியில் நின்றுவிட்டேன். இதைவிடப் பெரிய கண்காட்சிக் கூடம் எனக்கு யார் தரப்போகிறார்கள். அதில் என்ன மாட்டுவது என்பதுதான் கேள்வி. எங்கள் வீட்டில் எவர்சில்வர் எல்லாவற்றிலும் பெயர் வெட்டியிருக்கும், கொடுத்தவர் பெயர், தேதி, சிலதில் ஊர். அதை யார் படிக்கிறார்கள் என்று யோசித்திருக்கிறேன். கொடுத்தவர் ஒரு தரம், கடையில். வாங்கிக்கொண்டவர் ஒரு தரம், மண்டபத்தில். அதன் பிறகு தினமும் படிப்பது அதைத் தேய்க்கிறவள் மட்டும். கை சுற்றிச் சுற்றி வரும்போது எழுத்து விரலில் படும். ஜெபராஜிடம் சொன்னேன். அவன் போய்ப் பாரிமுனையில் பாத்திரக்கடை வாசலில் பெயர் வெட்டுகிறவரிடம் பத்து நாள் உட்கார்ந்து கற்றுக்கொண்டு வந்தான். நாங்கள் வெட்டிய முதல் வரி, நர்மதா கணவனுக்கு நீட்டும் டம்ளரில்: சர்க்கரை போட்டாயிற்று, கேட்காதே. வசனத்தில் அவள் பேசாதது. தட்டு, கரண்டி, சொம்பு என்று அப்படியே போயிற்று. டிவியில் அந்த எழுத்து ஒரு மினுக்கல், அவ்வளவுதான். படிக்க முடியாது. அதற்குத்தான் வலைத்தளம்.

இலவசமாக இடம் கொடுக்கிற இணையத்தில் ஒரு மூலை, தலைக்கு மேலே எப்போதும் யாரோ ஒருவருடைய விளம்பரம் கண்ணடித்துக்கொண்டிருக்கும், அடியில் எத்தனை பேர் வந்தார்கள் என்று காட்டும் எண்கள், ஒரு விருந்தினர் பக்கம். இந்தக் கூண்டில் உட்கார்ந்துதான் ஒவ்வொரு கட்டளையாகக் கற்றுக்கொண்டு கட்டினேன். ஒரு பாத்திரத்துக்கு ஒரு பக்கம், வெட்டிய வரி தெரிகிற மாதிரி கிட்டத்தில் எடுத்த படம், எந்த நாள் ஒளிபரப்பில் எந்த இடத்தில் பார்க்க வேண்டும் என்ற குறிப்பு. விளம்பர இடைவேளைக்குப் பின், நர்மதா இடது கை, கதவு சாத்துவதற்கு முன். யார் வருவார்கள் என்று ஜெபராஜ் சிரித்தான். வந்தார்கள். நியூஜெர்சியில், சிங்கப்பூர் ஜூரோங்கில், மஸ்கட்டில் மளிகைக் கடைகளில் இந்தத் தொடரை கேசட்டில் வாடகைக்கு எடுத்துப் பார்க்கிற பெண்கள். அவர்களிடம் வீசீஆரும் அதில் நிறுத்துகிற பொத்தானும் இருந்தன. நிறுத்தினால் எழுத்து நடுங்குகிறது, ஆனாலும் "கழுவி" என்று படித்தேன், மீதி என்ன என்று ஒருத்தி கேட்டாள். கழுவி வைத்தது நான், என்று இன்னொருத்தி பதில் போட்டாள். பிறகு அவர்களே வரிகளை அனுப்ப ஆரம்பித்தார்கள். இது மூணாவது காபி. மூடி இதோடது இல்லை. அந்த வரிகளின் முன்னால் நாங்கள் யோசித்தவை எல்லாம் கல்லூரிப் பிள்ளைகள் எழுதியவை. யூனிட்டில் யாருக்கும் தெரியாது, நர்மதாவாக நடிக்கிற தீபலட்சுமியைத் தவிர. அவளிடமும் நான் சொல்லவில்லை. ஒரு ரிகர்சலில் தட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தவள் கையை நிறுத்தினாள், என்னைப் பார்த்தாள். டேக்கில் தட்டை அரைச்சுற்று திருப்பி வைத்தாள். கட் சொன்னதும் என் பக்கம் வந்து, "லைட் இந்தப் பக்கம்தானே இருந்துச்சு?" என்றாள். அதற்குமேல் இன்றுவரை ஒரு வார்த்தை கிடையாது.

திரையில் ஒரு அலமாரித் தட்டு வந்துவிட்டது, அதில் மூன்று டப்பாக்கள், காபித்தூள் கம்பெனிப் பெயர் போட்டவை. பிறகு ஒரு வளைவு. கைப்பிடி. தூக்குவாளியின் கைப்பிடி. அதுதான். இந்த வளைவை நான் எங்கே பார்த்தாலும் அடையாளம் சொல்வேன், ஒரு பக்கம் லேசாக நசுங்கியது, டிராலியில் இடித்து. நர்மதா மதியம் மைத்துனன் கடைக்குச் சாப்பாடு கொண்டுபோகிற பெரிய தூக்குவாளி. கடைக் கதையைக் கொஞ்ச நாள் நிறுத்திவைத்திருந்தார்கள், முந்தாநாள் மறுபடி எடுத்தபோது பாத்திரத்தைத் தேடினேன், இல்லை. மேனேஜர் தட்சிணாமூர்த்தி வாசலில் நாற்காலி போட்டு வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். "அண்ணே, நர்மதா தூக்குவாளி எங்க?" "எதும்மா, பெருசா?" "ஆமா. கடைக்குக் கொண்டு போவாளே." "அது கல்யாணத்துக்குப் போயிடுச்சே." நான் அவர் முகத்தையே பார்த்தேன். "புரொட்யூசர் தங்கச்சி பொண்ணு இல்ல, சுபாஷினி, கோயம்புத்தூர்ல கட்டிக் கொடுத்தாங்களே. யூனிட் சார்பா ஒரு பாத்திரம் வாங்குன்னாரு டைரக்டரு. எனக்கு அன்னிக்கு ஜெனரேட்டர் தகராறு. இது புதுசாட்டம் பளபளன்னு இருந்துச்சு. கடையில கொடுத்துப் பேர் மட்டும் வெட்டிக்கிட்டேன், நர்மதாவின் வீடு குழுவினர்னு. ஜோரா இருந்துச்சும்மா." "அதுல ஏற்கெனவே ஏதோ வெட்டியிருந்துச்சேண்ணே." "கம்பெனி மார்க்னு நெனச்சேன். கண்ணாடி போடலியே." சொல்லிவிட்டு வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டார். எனக்குச் சிரிப்புத்தான் முதலில் வந்தது. சத்தியமாகச் சிரித்தேன், குளியலறைக்குப் போய்த் தாழ் போட்டுக்கொண்டு. ஏனென்றால் அந்தத் தூக்குவாளியின் கழுத்துக்குக் கீழே நாங்கள் வெட்டியிருந்தது நியூஜெர்சிக்காரி ஒருத்தியின் வரி: சாப்பிட்டாயா என்று இந்த வீட்டில் என்னை யாரும் கேட்டதில்லை. அதற்கு அடியில் இப்போது, அன்புடன், நர்மதாவின் வீடு குழுவினர். புதுப்பெண்ணுக்குக் கல்யாணப் பரிசு.

சிரிப்பு தாழைத் திறப்பதற்குள் போய்விட்டது. அதற்குப் பிறகு இரண்டு நாளாக ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறேன், பூட்டின் துவாரத்தில் வேறு சாவியை நுழைத்த மாதிரி, உள்ளே போகிறது, திரும்பவில்லை. வேலை போய்விடும் என்றால் போகட்டும். சம்பந்தி வீட்டார் சண்டை பிடிப்பார்கள், தங்கை அண்ணனிடம் அழுவாள், அண்ணன்தான் புரொட்யூசர், அவர் டைரக்டரைக் கூப்பிடுவார், டைரக்டர் என்னை. நான் வலைத்தளத்தைத் திறந்து காட்டி இதுதான் ஐயா என்று சொல்வேன், அதில் எனக்குக் கூச்சமே இல்லை, மனப்பாடமாகவே வைத்திருக்கிறேன். உங்கள் தொடரில் நான் செய்த வேலைகளிலேயே நல்ல வேலை இது, என்றுகூடச் சொல்வேன். அது இல்லை. மாட்டுவது வேறு இடத்தில். அந்தப் பெண் சுபாஷினி, கல்யாணத்துக்கு முன்னால் ஒரு நாள் ஷூட்டிங் பார்க்க வந்தாள், எல்லோருக்கும் நடுவில் ஸ்டூலில் உட்கார்ந்து முழங்காலில் கையை வைத்துக்கொண்டு பார்த்தாள், டேக்கின்போது மூச்சை அடக்கிக்கொண்டாள். அவளுக்கு ஒரு சமையலறை கிடைத்திருக்கிறது, அதில் மற்ற எல்லாப் பாத்திரங்களும் மாமியாருடையவை, அவளுடையது என்று வந்தவற்றில் ஒன்று இப்படிப் பேசுகிறது. அதை அவள் சொல்லச் சொன்னதாக நினைப்பார்களா. எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு மாதத்தில் இப்படியா என்று கேட்பார்களா. அல்லது அவள் ஒரு நாள் மத்தியானம் தேய்க்கும்போது படித்து, அதுவரை தோன்றாதது தோன்றிவிட்டால். பெயர் வெட்டிய பாத்திரத்தை யாரும் எறிவதில்லை, விற்பதில்லை, அது மகள் வீட்டுக்கும் பேத்தி வீட்டுக்கும் போகும். எந்தச் சுவரிலும் இத்தனை காலம் ஒரு படம் தொங்காது என்று இதைச் சொல்லித்தான் ஜெபராஜை நான் சம்மதிக்க வைத்தேன். அதே வாக்கியம் இப்போது என் பக்கம் திரும்பி நிற்கிறது. நடிகை கையில் இருந்தபோது அது கதை. கதைக்கு வெளியே ஒரு வீட்டில் அதை வைக்கும்படி நான் யாரிடமும் கேட்கவில்லை, அந்த நியூஜெர்சிக்காரியும் கேட்கவில்லை. அப்படியானால் வரி தவறா. தவறில்லை. மறுபடி வெட்டச் சொன்னால் வெட்டுவேன். இங்கே வந்ததும் சாவி நின்றுவிடுகிறது. மறுபடி முதலிலிருந்து.

கைப்பிடிக்குக் கீழே மூடியின் விளிம்பு வந்தது, அதோடு எல்லாம் நின்றது. மில் மட்டும் ஓடுகிறது. "மேடம், லைன் போச்சு," என்றார் வாசலில் உட்கார்ந்திருக்கும் பாலசேகர், இந்த சென்டரின் முதலாளி. "எப்படிப் போச்சு?" "எங்கம்மா மாடியில போனை எடுத்துட்டாங்க." அவர் படிக்கட்டுப் பக்கம் தலையை நீட்டினார். "அம்மா, போனை வை." மேலிருந்து குரல் வந்தது. "பெரியப்பாவுக்குப் பேசலாம்னு எடுத்தா இது கீய்கீய்னு கத்துதுடா." "அது கத்தும்மா. அதுதான் இன்டர்நெட்டு." "நல்லாத்தான் கத்துது, பேச விடாம." பக்கத்துக் கூண்டுக்காரர் தும்மிவிட்டு, "அம்மா சொல்றதுல தப்பே இல்ல சார்," என்றார். பாலசேகர் என்னிடம் வந்து திரையைக் குனிந்து பார்த்தார். "பெரிய ஃபைல் மேடம். மறுபடி மேலேர்ந்துதான் வரும். என்னது, தூக்குவாளியா?" "ஆமா." "வாங்கறீங்களா?" "இல்ல, கொடுத்துட்டோம்." அவர் அதற்குமேல் கேட்கவில்லை. மோடம் மறுபடி டயல் செய்து, கீச்சிட்டு, கரகரத்து, அடங்கியது. பச்சைச் சுவர் மறுபடி முதல் பட்டையிலிருந்து. டியூப்லைட் வெளுப்பு. ஆணி.

ஆணிக்கும் டப்பாக்களுக்கும் நடுவில் எனக்குத் தோன்றுகிறது, இந்தப் படத்துக்கு எவ்வளவு பாடுபட்டிருக்கிறார்கள். கேமராவில் பிலிம் போட்டு எடுத்திருக்க வேண்டும், பிலிம் முடியக் காத்திருந்து ஸ்டூடியோவில் கழுவி, பிரிண்டை எடுத்துப்போய் ஸ்கேன் செய்து, இப்படி ஒரு கூண்டில் உட்கார்ந்து ஏற்றி. தளத்தின் முகவரி எப்படிக் கிடைத்திருக்கும் என்பது எனக்குத் தெரியும், ஒவ்வொரு பாத்திரத்தின் அடியிலும், கடை முத்திரை இருக்கிற இடத்தில், பொடி எழுத்தில் ஜெபராஜ் அதை வெட்டுவான். அதைப் பார்க்கப் பாத்திரத்தைக் கவிழ்க்க வேண்டும். கவிழ்த்துப் படித்து, அது என்ன என்று தெரிந்துகொண்டு, தேடி வந்திருக்கிறார்கள். இவ்வளவும் கோபத்தில் செய்ய முடியுமா. முடியும், என் அம்மாவுக்குக் கோபம் வந்தால்தான் பரண் சுத்தமாகும். புகார் என்றால் ஒரு போன் போதுமே, மேனேஜர் அண்ணன் வெற்றிலையைத் துப்பிவிட்டு எடுப்பாரே. சுபாஷினியாக இருக்குமா. அவள் கணவனா, விளையாட்டாக, கம்ப்யூட்டர் தெரிந்த பையன். முகவரியில் இருக்கிற இரண்டு எழுத்து அவள் பெயரின் தொடக்கம் இல்லை. டப்பாக்கள் வந்தாயிற்று. கைப்பிடி. மூடி. நான் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டேன், இழுத்ததற்காகப் படம் வேகமாக வராது என்று தெரிந்தும். தூக்குவாளியின் கழுத்து வந்தது, இனி அடுத்த பட்டை. மில்லை நிறுத்திவிட்டார்கள், திரை அசையாமல் நின்றது. கழுத்துக்குக் கீழே வரி இல்லை. எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பளபளப்பு, உள்ளங்கை அகலத்தில், சக்கரத்தில் வைத்துத் தேய்த்து, எவர்சில்வரின் மற்ற இடமெல்லாம் மங்கலாகத் தெரிகிற அளவுக்கு வெளிச்சம். டியூப்லைட் அதில் கோடாக விழுந்திருக்கிறது. அதற்குக் கீழே, அன்புடன், நர்மதாவின் வீடு குழுவினர், அப்படியே, ஒரு எழுத்து போகாமல். படம் சமையல் மேடையின் கறுப்புக் கல்லில் முடிந்தது. மனிதர் யாரும் இல்லை. நல்ல வேலை, தேய்த்தவன் தொழில் தெரிந்தவன், விளிம்பில் ஒரு கீறல் இல்லை. என் படம் ஒன்றை முதல்முறையாக ஒருவர் சுவரிலிருந்து இறக்கியிருக்கிறார். பாத்ரூம் எங்கே என்று கேட்டவரைவிட இவர் அதிகம் பார்த்திருக்கிறார். அப்படி நினைத்தபோதே அடுத்த கேள்வி வந்தது, அழித்தது யார், ஏன், அழிக்கும்போது சுபாஷினி எங்கே நின்றாள்.

அடுத்த மெயில் வந்திருந்தது. திறந்தேன், இதில் படம் இல்லாததால் உடனே வந்துவிட்டது. இதுவும் ஆங்கில எழுத்தில் தமிழ், நான் அதை மனசுக்குள் தமிழ் எழுத்தாக மாற்றிப் படித்தேன். "வணக்கமுங்க. நான் சுபாஷினியோட மாமியார் ருக்குமணி. நான் சொல்லச் சொல்ல சுபாஷினி அடிக்கிறா. கல்யாணத்துக்கு நீங்க கொடுத்த தூக்குப்போசியில எழுதியிருந்தது பொய்ங்க. இந்த வீட்டுல நான் கேக்கறேன். அவ வந்த நாள்லேர்ந்து மூணு வேளையும் கேக்கறேன். அதனால கடை வீதியில கொடுத்து அதை அழிச்சுப் போட்டேன். உங்க பேரை விட்டு வெச்சிருக்கேன், பரிசு கொடுத்தவங்க பேரை அழிக்கப்படாது. அடியில இருந்ததைப் பார்த்து உங்க இடத்துக்கு வந்து எல்லாப் பாத்திரத்தையும் பார்த்தோம். நல்லாத்தான் இருக்குதுங்க. ஆனா எல்லாம் மருமக கையிலயே இருக்குது. அந்த ராஜாம்பாளும் தினமும் ஒரு டம்ளரைக் கையில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கா, அதுல ஒண்ணுமே வெட்டக் காணோம். அவளுக்கு மட்டும் சொல்றதுக்கு ஒண்ணும் இருக்காதுங்களா. நான் ஒரு வரி சொல்றேன். எல்லோரையும் கேட்பேன். அதை அவ டம்ளர்ல வெட்டுங்க. புரொட்யூசர் சம்பந்திகிட்ட இந்தப் போசி விஷயத்தை இன்னும் பேசலீங்க. அடுத்த வாரம் நாடகம் பார்த்துட்டு, பேசறதா வேண்டாமான்னு முடிவு பண்ணிக்கறேன்." அதற்குக் கீழே கொஞ்சம் இடம் விட்டு, வேறு ஆள் எழுதிய மாதிரி சுருக்கமாக, "அத்தை செருப்பு மாட்டப் போயிருக்காங்க. அழிக்கறதுக்கு முன்னாடி நான் ஒரு தடவை படிச்சுட்டேன்ங்க. சுபாஷினி."

இரண்டு தரம் படித்தேன். மூன்றாம் தரம் கடைசி வரியை மட்டும். படிச்சுட்டேன்ங்க. அதில் வருத்தம் இருக்கிறதா, ரகசியமா, நன்றியா, ஆங்கில எழுத்துக்குள் எதுவும் பிடிபடவில்லை. ஆனால் இந்த வரி அவளை உடைத்துவிடவில்லை, உடைந்தவள் மாமியார் செருப்பு மாட்டுகிற நேரத்தில் இவ்வளவு பிழையில்லாமல் அடிக்கமாட்டாள். அது போதும், அதற்குமேல் தெரிந்துகொள்ள எனக்கு உரிமை இல்லை. ராஜாம்பாளின் டம்ளர். எத்தனை மாதமாக அதைத் துடைத்து வைக்கிறேன். எல்லா எபிசோடிலும் முகத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, நர்மதாவின் பாத்திரங்கள் எதற்கும் கிடைக்காத குளோசப் அதற்குத் தினமும் கிடைக்கிறது, திட்டுவதற்கு முன் ஒரு வாய், திட்டிய பின் ஒரு வாய். வில்லியின் கையில் இருப்பதால் அதை வெறும் டம்ளராகவே பார்த்திருக்கிறேன். தொடரின் கதாசிரியர் அப்படி நினைக்கிறார், டைரக்டர் அப்படி நினைக்கிறார், அவர்களுக்குத் தெரியாமல் அவர்கள் தொடருக்குள் வேறொன்று செய்வதாகச் சொல்லிக்கொண்ட நானும் அப்படியே நினைத்திருக்கிறேன். எல்லோரையும் கேட்பேன். இரண்டே வார்த்தை, அந்த வீட்டில் இத்தனை வருஷம், அவரை யார் கேட்டார்கள் என்பது மட்டும் அதில் இல்லை. வரி தவறு என்று நிரூபிக்க வந்த அம்மாள் அதே வரியின் மறுபக்கத்தைக் கையில் கொடுத்துவிட்டு அது வேறு என்று நினைத்துக்கொண்டு போகிறார். நினைத்துக்கொண்டா போகிறார், தெரிந்தேவா. அதுவும் பிடிபடவில்லை. பிடிபடாமல் இருப்பது நன்றாக இருக்கிறது, இந்த இரண்டு நாளில் முதல்முறையாக எனக்குப் பசிக்கிறது. மெயிலை மூடி எழுந்தேன்.

"பாலசேகர், லைனைக் கட் பண்ணுங்க. ஒரு போன் பேசணும்."

"இவ்வளவு நேரம் கட் ஆச்சுன்னு என்னை முறைச்சீங்களே மேடம்."

பக்கத்துக் கூண்டுக்காரர், "ஐயோ, நான் அனுப்பிக்கிட்டிருக்கேன்," என்றார். அவர் அனுப்பி முடிக்கும்வரை ரிசீவரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பிறகு வடபழனியில் ஜெபராஜ் இருக்கிற வீட்டுக்கு அடித்தேன், ஒரே மணியில் எடுத்தான், பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறான்.

"என்ன ஆச்சு? யாரு அது?" என்றான்.

"மாமியார். நேர்ல சொல்றேன். பேர் வெட்டுற மெஷினை எடுத்துக்கிட்டு ஷூட்டிங் வீட்டுக்கு வா, இப்பவே. சாப்பாட்டு பிரேக் முடியறதுக்குள்ள."

"சொம்பைத்தான் நேத்தே வெட்டிட்டேனே. நர்மதாவுக்கு இன்னொண்ணா?"

"சொம்பையும் வைக்கப்போறேன். ஆனா இது நர்மதாவுக்கு இல்ல. ராஜாம்பாள் காபி டம்ளர்."

அவன் மெஷினைப் பையில் போடும் சத்தம் கேட்டது. "அவளுக்கு என்னத்தை வெட்டுதது?"

சொன்னேன்.

"அவ்வளவுதானா? மீதி?"

"மீதி இல்ல. பின்னால இடம் விட்டு வெட்டு."